உறவுமுறை: சகோதரி

2023 செப்டம்பர் 29, வெள்ளி

முதலில் நடந்ததை எழுதிவிடுகிறேன். காலை ஆறே முக்காலுக்கு எப்சிபா அடுப்படியில் விழுந்துவிட்டாள். பால் பொங்கி அடுப்பு அணைந்து கிடந்தது. "ஏளா, அங்க என்ன செய்யுத?" என்று கத்திக்கொண்டே போனேன். பாலைப் பொங்கவிட்டதற்குத் திட்டத்தான் போனேன். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலது கை வேறு யாருடையதோ போல அவளுக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. பெயர், வயது அறுபத்தொன்று, விலாசம் எல்லாம் சொன்னேன். படிவத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம். 'சகோதரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் சபையில் எல்லோரும் எல்லோருக்கும் சகோதரிதான். பொய் என்று சொல்ல முடியாது.

எப்சிபா என் பள்ளியில் புவியியல் நடத்தியவள். போன வருடம் ஓய்வு பெற்றாள். எனக்கு வரும் மே வரை சர்வீஸ் இருக்கிறது, நான் நடத்துவது கணக்கு. இருபத்துமூன்று வருடமாகப் பாளையங்கோட்டையில் இந்த வாடகை வீட்டில் சேர்ந்து குடியிருக்கிறோம். நாட்குறிப்பில் இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. யாராவது எடுத்து வாசிக்க நேர்ந்தால் தெளிவாக இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

காலாண்டு விடைத்தாள் இருபத்திரண்டு பாக்கி.

செப்டம்பர் 30, சனி

மூளையில் அடைப்பு. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. திரும்புமா என்று கேட்டால் டாக்டர் மேலே மின்விசிறியைப் பார்க்கிறார்.

குளிக்க மட்டும் வீட்டுக்கு வந்தேன். தெற்கு அறைக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினேன். அது சனிக்கிழமை வேலை.

அக்டோபர் 2, திங்கள்

பேசிவிட்டாள். ஒரே ஒரு வார்த்தை. காலையில் நர்ஸ் ஊசி போட்டபோது தெளிவாக, பாடம் நடத்துகிற குரலில், "அர்ஜென்டினா" என்றாள். தண்ணீர் வேண்டுமா என்றால் அர்ஜென்டினா. வலிக்கிறதா என்றால் அர்ஜென்டினா. தன் வாயிலிருந்து அதுதான் வருகிறது என்று அவளுக்கும் தெரிகிறது. கோபத்தில் இடது கையால் கட்டில் கம்பியை அடிக்கிறாள்.

"சில பேருக்கு இப்படி ஒரு வார்த்தை மாட்டிக்கிடும்மா. பசிச்சாலும் அதான், அழுதாலும் அதான்" என்றார் டாக்டர்.

நர்ஸ் பெண் சிரித்துவிட்டாள். "அம்மா ஃபுட்பால் பாப்பாங்களோ? எங்க வீட்டுலயும் எல்லாரும் அர்ஜென்டினாதான்."

ஏன் அந்த வார்த்தை என்று என்னைக் கேட்டார்கள். தெரியாது என்றேன். புவியியல் டீச்சர், ஏதாவது ஒரு நாடு வாயில் வந்திருக்கும்.

அக்டோபர் 4, புதன்

ஐயரம்மா, அதாவது எங்கள் சபைக் குருவானவரின் மனைவி, வந்தார். குருவானவர் மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதனால் அந்த அம்மாவுக்குச் சபையில் யார் யாரென்று இன்னும் பிடிபடவில்லை. ஜெபம் பண்ணிவிட்டு, "நீங்க அவியளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"கூட வேலை பாத்தவ" என்றேன்.

"ரெண்டு பேருக்கும் கலியாணம் ஆகலியோ?"

"அமையல."

"பாவம். வயசான காலத்துல ஒரு நாதி வேணும்லா" என்றார். எப்சிபா கண்ணை மூடியிருந்தாள்.

அக்டோபர் 6, வெள்ளி

எப்சிபாவின் தம்பி பொன்சிங் நாகர்கோவிலிலிருந்து வந்தார். தகவல் சொன்னது நான்தான். அக்காவும் தம்பியும் முகம் பார்த்து ஆறு வருடம் இருக்கும். வந்தவர் கட்டில் காலில் தொங்கிய தாள்களை எடுத்து வாசித்தார். வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"எங்க அப்பாவுக்கு நான் அறியாம இன்னொரு மக உண்டுமா டீச்சர்?"

அவசரத்தில் எழுதிவிட்டேன் என்றேன். சிரிப்பு அதோடு நின்றது. ஆபீஸ் அறைக்குப் போனார். பத்து நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். மேலாளருக்கு என் மாணவர்களின் வயதுதான் இருக்கும். "சொந்தம்னு பொய் சொல்லிச் சம்மதக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யாரும்மா பதில் சொல்றது? சரி, நீங்க அவங்களுக்கு யாரு?"

"கூட குடியிருக்கவ. வாடகையப் பங்கு போட்டுக்கிட்டோம்."

அறைக் கதவு திறந்திருந்தது. எதிரே அவள் கட்டில். அவள் என்னைப் பார்த்தாள். மருந்து மயக்கத்தில் இருந்தாள், கேட்டிருக்காது.

அக்டோபர் 8, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். ஐயர் பிரசங்கத்தில் சேவல் கூவுவதற்கு முன்னால் சீஷன் மூன்று தரம் மறுதலித்ததைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தலைவலி. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 9, திங்கள்

இனி எனக்குப் பார்வையாளர் நேரம் மட்டும்தானாம். மாலை நாலிலிருந்து ஐந்து. பள்ளி விட்டு பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது நாலே முக்கால்.

அக்டோபர் 11, புதன்

வீட்டில் சத்தமே இல்லை. சாயங்காலம் முன்னறை உலக வரைபடத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பள்ளியில் கழித்துப் போட்ட பழைய படம். துணியில் ஒட்டியது. 2001இல் எப்சிபா அதைத் தூக்கிக்கொண்டு வந்து ஆணி அடித்து மாட்டினாள். யாராவது கேட்டால் பாடத்துக்கு என்போம். சில நாடுகளுக்கு மட்டும் பச்சைப் பென்சில் தீட்டியிருக்கும். அவை நெல் விளைகிற நாடுகள் என்று ஒருமுறை தபால்காரரிடம் சொன்னேன். நெதர்லாந்தில் நெல் எங்கே விளைகிறது?

எழுதினால் பேனா உடைந்தா போகும்? பெண்ணைப் பெண்ணும் ஆணை ஆணும் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டம் போட்ட நாடுகள் அவை. முதலில் நெதர்லாந்து. சட்டம் நடைமுறைக்கு வந்தது ஏப்ரல் முதல் தேதி என்பதால் யாரோ முட்டாளாக்குகிறார்கள் என்றே நான் நினைத்தேன். பிறகு பெல்ஜியம், ஸ்பெயின், கனடா, தென்னாப்பிரிக்கா. பேப்பரில் மூலையில் நாலு வரி வந்தால் போதும், இவள் பென்சிலைச் சீவ உட்கார்ந்துவிடுவாள். முழுக் கல்யாணம் என்றால் முழுப் பச்சை. வெறும் பதிவு மட்டும் என்றால் சாய்வுக் கோடு. தைவானுக்கு அவள் பென்சிலை ஊசி மாதிரிச் சீவியது நினைவிருக்கிறது. நான் அந்தப் பென்சிலைத் தொட்டதே இல்லை. "ஊருக்கெல்லாம் தெரியட்டும்னு செவத்துல எழுதி வையி" என்று திட்டியிருக்கிறேன். "அட போளா, ஊருக்கு இந்தியாவையே படத்துல காட்டத் தெரியாது" என்பாள்.

அர்ஜென்டினாவில் மட்டும் பச்சை தடித்திருக்கிறது. அழுத்தித் தீட்டியதில் ஓர் இடத்தில் தாள் கிழிந்து துணி தெரிகிறது.

அக்டோபர் 14, சனி

பொன்சிங்கும் அவர் மனைவி கிரேஸ்லினும் எப்சிபாவின் துணிமணி எடுக்க வந்தார்கள். நாகர்கோவிலுக்குக் கொண்டுபோகப் போகிறார்களாம். "சொந்த ரெத்தம் இருக்கும்போ வாடகை வீட்டுல எதுக்குக் கிடக்கணும்?" என்றார். இங்கே பிசியோதெரபிக்கு ஏற்பாடு செய்துவிட்டேன் என்றேன். "அதெல்லாம் அங்கயும் உண்டு" என்றார்.

எப்சிபா அறை எது என்று கிரேஸ்லின் கேட்டாள். தெற்கு அறையைக் காட்டினேன். விரிப்பு மாற்றி அரைமணி நேரம்தான் ஆகியிருந்தது. அவள் பீரோவைத் தேடினாள். பீரோ அங்கே இல்லை. களைப்பில் கட்டிலில் உட்கார்ந்தாள். மெத்தை சரசரவென்று சத்தம் போட்டது. விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். கடையில் வாங்கும்போது போட்டிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் அதில்தான் இருந்தது.

இருபத்துமூன்று வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றியிருக்கிறேன். வருகிறவர்கள் பார்க்கத்தானே அந்தக் கட்டில். உறையைக் கழற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கணக்கு டீச்சராம்.

கிரேஸ்லின் என்னைப் பார்த்தாள். விரிப்பை இழுத்து மூடிவிட்டு, வடக்கு அறைக்குப் போய் எப்சிபாவின் சேலைகளை எடுத்தாள். அந்தப் பீரோவில் என் சேலையும் அவள் சேலையும் கலந்துதான் கிடக்கும். எது யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. ஓய்வறையில் பி.டி. டீச்சர் போனில் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணம் அடிப்படை உரிமை இல்லையாம். சட்டம் போடுவது பாராளுமன்றத்தின் வேலையாம். ரேஷன் கார்டு, பேங்க், ஆஸ்பத்திரி இதற்கெல்லாம் என்ன செய்யலாம் என்று ஒரு குழு பார்க்குமாம்.

"நல்லதாப் போச்சு. இல்லன்னா நாடு என்னத்துக்கு ஆகும்?" என்றாள் பி.டி. டீச்சர். எல்லோரும் என்னைப் பார்த்ததுபோல் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. "ஆமா" என்றேன். ஆமா என்று சொன்னேன்.

நாலே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. பேப்பர் வாசித்துக் காட்டச் சொல்லி எப்சிபா கையைக் காட்டினாள். ஏப்ரல், மே முழுக்க இந்த வழக்கு விசாரணையைப் போனில் விடாமல் பார்த்தவள் அவள். இந்தியாவுக்கு எவ்வளவு பச்சை பிடிக்கும், ஒரு பென்சில் போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மழைச் செய்தியை வாசித்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அர்ஜென்டினா செய்தி வந்தது 2010 ஜூலையில். அன்றைக்குச் சேமியாப் பாயசம் வைத்தாள். சாப்பிட்டு முடித்ததும் என்னிடம் ஒன்று கேட்டாள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அக்டோபர் 19, வியாழன்

கொண்டுபோய்விட்டார்கள். வண்டியில் ஏற்றும்போது இடது கையால் என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. பொன்சிங் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். முரட்டுத்தனமாக இல்லை, அதுவும் எழுத வேண்டும். "அக்கா, விடுக்கா, நம்ம வீட்டுக்குத்தான் போறோம்" என்றார். அர்ஜென்டினா, அர்ஜென்டினா என்று கத்தினாள். ஆட்டோ ஸ்டாண்டில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் பைவாரைச் சரிசெய்துகொண்டு நின்றேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என் வாயிலும் வரவில்லை.

அக்டோபர் 21, சனி

விரிப்பு மாற்றினேன். யார் வரப்போகிறார்கள் என்று தெரியவில்லை.

நவம்பர் 4, சனி

வக்கீல் ஜுலைகாவைப் பார்க்கப் போனேன். 2004ஆம் வருட பத்தாம் வகுப்பு. கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கினாள், இரண்டு கணக்கில் குறி மாற்றிப் போட்டு நாலு மதிப்பெண்ணைக் கோட்டை விட்டாள். என் தோழி ஒருத்தியின் விஷயம் என்று ஆரம்பித்தேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"டீச்சர், எங்க பேட்சுக்கே தெரியும். எப்சி டீச்சர் ஐரோப்பா நடத்துனா நெதர்லாந்துல ரெண்டு நிமிஷம் கூட நிப்பாங்க. மத்தியானம் டிபன் பாக்ஸ என்கிட்ட குடுத்து, 'அந்தக் கணக்கு சாப்பிடாமலே போயிட்டு, குடுத்துட்டு வாட்டி'ன்னு அனுப்புவாங்க. நாங்க என்ன குருடா? நீங்க சொல்லலன்னு நாங்களும் சொல்லாம இருந்தோம்."

எழுந்து வந்துவிடலாமா என்றிருந்தது. இருபத்துமூன்று வருடம் நான் காவல் காத்த வீட்டுக்குக் கதவே இருந்திருக்கவில்லை.

சட்டத்தில் இடம் இல்லை என்றாள். தம்பிதான் சொந்தம். "ரெண்டு பேரும் சேந்து, உடம்புக்கு முடியலன்னா ஒருத்தருக்கு ஒருத்தர் பொறுப்புன்னு ஒரு தாள் எழுதியிருந்தாக்கூடப் போதும் டீச்சர். அது கல்யாணம் ஆகாது. ஆனா ஆஸ்பத்திரி மேஜையில தூக்கி வைக்க ஒரு தாளாவது இருந்திருக்கும். அப்படி ஏதும் எழுதுனீங்களா?"

இல்லை என்றேன்.

"இப்பவும் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனா மனுவுல முதல் வரியில நீங்க அவங்களுக்கு யாருன்னு எழுதணும். ஜட்ஜ் அவங்களக் கூப்பிட்டு யாரோட போறீங்கன்னு கேட்டா அவங்க என்ன சொல்வாங்க?"

அர்ஜென்டினா என்பாள். மே மாதம் ஓய்வுபெற்ற பிறகு மனு போடலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பயம்தான். அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம்.

நவம்பர் 18, சனி

நாகர்கோவில். கூட வேலை பார்த்த டீச்சர் என்ற பேரில் ஒரு மணி நேரம். பின்கட்டில் ஓர் அறை. சுத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள், கிரேஸ்லின் அதில் குறை வைக்கவில்லை. ஆனால் பயிற்சி எதுவும் இல்லை. வலது கை மடங்கிப்போயிருக்கிறது. நான் விரல்களை நீட்டி நீட்டி விட்டேன். நகம் வெட்டினேன். அவள் ஒவ்வொரு விரலுக்கும் அர்ஜென்டினா என்றாள்.

"காலைல இருந்து இதே பாட்டுதான் டீச்சர். பிள்ளையளால படிக்க முடியல" என்றாள் கிரேஸ்லின்.

நவம்பர் 30, வியாழன்

நேபாளத்தில் ஒரு கல்யாணத்தைப் பதிவு செய்திருக்கிறார்களாம். நாலு வரிச் செய்தி. முழுப் பச்சையா, சாய்வுக் கோடா? கேட்க ஆள் இல்லை. பேப்பரை மடித்து வைத்தேன்.

டிசம்பர் 19, செவ்வாய்

மூன்று நாளாகக் கரண்ட் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய மழை, ஊர் முழுக்க வெள்ளம். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். முன்னறைச் சுவர் ஊறி, வரைபடத்தின் கீழ் ஓரத்தில் ஈரம் ஏறிவிட்டது. அண்டார்டிகா முழுக்க நனைந்துபோனது. ஸ்டூலில் ஏறிக் கழற்றினேன்.

பின்னால் ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருந்தது. உள்ளே முத்திரைத்தாள். 2010 ஜூலை 16. உடல்நலம் குன்றினால் ஒருவருக்காக மற்றவர் முடிவெடுக்கவும், ஒருவரை மற்றவர் வைத்துப் பராமரிக்கவும் சம்மதம் என்று தட்டச்சு செய்திருக்கிறது. எப்சிபாவின் கையெழுத்து இருக்கிறது. எனக்கான இடம் காலி.

அன்றைக்குப் பாயசத்துக்குப் பிறகு இதைத்தான் நீட்டினாள். "அங்க ஒரு நாடே கையெழுத்துப் போட்டுட்டு. நீ ஒரு ஆளு போட மாட்டியாளா?" என்றாள். எழுத்தில் எதற்கு, ஆபீசில் எவனாவது பார்த்தால் என்னாவது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவள் எழுந்து போய்ப் பச்சைப் பென்சிலை எடுத்து அர்ஜென்டினாவைத் தீட்டினாள். தாள் கிழிகிற வரைக்கும் தீட்டினாள்.

கண்டுபிடித்தேன் என்று எழுதப் போனேன். கண்டுபிடிக்கவில்லை. அவள் இதைப் படத்துக்குப் பின்னால் வைத்ததைப் பார்த்தேன். பதிமூன்று வருடமாக இது இங்கே இருப்பது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவள் முதல் தடவை அந்த வார்த்தையைச் சொன்னபோதே எனக்குத் தெரியும்.

டிசம்பர் 30, சனி

நாகர்கோவில் போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முன்னறையில் கிறிஸ்துமஸுக்கு வந்த சொந்தக்காரர்கள் நாலைந்து பேர். எப்சிபாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து ஓரமாக வைத்திருந்தார்கள். "இது அக்கா கூட வேலை பாத்த டீச்சர்" என்று பொன்சிங் அறிமுகம் செய்தார். கேக் கொடுத்தார்கள். பேச்சுவாக்கில், பொங்கலுக்குப் பிறகு அக்காவை ஓர் இல்லத்தில் சேர்க்கப் போவதாகச் சொன்னார். கிரேஸ்லினுக்கு முடியவில்லை, பிள்ளைகளுக்குப் பரீட்சை.

"இல்லம் எதுக்கு? நான் பாத்துக்கிடுதேன். என்கூட அனுப்புங்க. மே வர ஆள் போட்டுக்கிடுதேன், அப்புறம் நானே வீட்டுல இருப்பேன்" என்றேன்.

"அது எப்படி டீச்சர்? நாலு பேரு கேப்பாவ. ஒரு முறை வேண்டாமா? நீங்க எந்த முறையில கேக்கிய?"

எப்சிபா என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி ஆபீஸ் அறைக்கு எதிரே படுத்துக்கொண்டு பார்த்த அதே பார்வை. அன்றைக்கும் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

கேக் தட்டைக் கீழே வைத்தேன். "நானும் அவளும் இருபத்திமூணு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கோம் பொன்சிங். புருசனும் பெஞ்சாதியும் எப்படி இருப்பாவளோ அப்படி. அந்த முறையில கேக்கேன்."

யாரோ "ஏசப்பா" என்றார்கள். ஒரு பெரியவர் எழுந்து வெளியே போனார். பொன்சிங்கின் முகம் வெளிறிவிட்டது. கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினார். "கூட வேலை பாத்தவன்னு இருந்தியன்னா மாசம் ஒருக்க வந்து பாத்திருக்கலாம். இனி இந்த வாசப்படி மிதிக்கப்பிடாது. உங்க ஸ்கூல்லயும் சொல்லத்தான் செய்வேன்."

எப்சிபாவிடம் போனேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அழுதாளா சிரித்தாளா என்று அந்த வாயை வைத்துச் சொல்ல முடியாது. நான் வெளியே வருகிற வரைக்கும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

பஸ் பிடித்துத் திரும்பினேன். வருத்தப்பட்டேனா என்றால், இல்லை. பதிமூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கையெழுத்தாகப் போட்டிருக்க வேண்டியதை அந்நியர் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு, அவளைக் கண்ணால் பார்க்கிற வழியையும் அடைத்துவிட்டு வருகிறேன். அதுதான் கணக்கு.

2024 ஜனவரி 1, திங்கள்

எஸ்டோனியா. இன்றிலிருந்து நடைமுறை.

ஜனவரி 8, திங்கள்

தாளாளர் கூப்பிட்டார். மே வரை மருத்துவ விடுப்பில் போகச் சொல்கிறார். எனக்கு ஒரு நோயும் இல்லையே என்றேன். "டீச்சர், அதை நான் வேற மாதிரி எழுத வேண்டாம்னு பாக்கேன்" என்றார். வட்டத்தேற்றம் பாதியில் நிற்கிறது. 'பி' பிரிவுக்கு அடுத்து யார் வருவார்களோ.

ஜனவரி 20, சனி

பொன்சிங் போனை எடுப்பதில்லை. ஜுலைகா அங்கே ஓர் ஆளை விட்டு விசாரித்தாள். பொங்கல் முடிந்த மறுநாளே எப்சிபாவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். எந்த இல்லம், எந்த ஊர் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

மனுவில் முதல் வரியை எழுது என்று ஜுலைகாவிடம் சொல்லிவிட்டேன். நான் சொன்னபடியே எழுதினாள், ஒரு வார்த்தை மாற்றவில்லை. இப்படி ஒரு முதல் வரி உள்ள மனு எப்போது நகரும் என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

ஜனவரி 24, புதன்

நாலு மாவட்டத்து இல்லங்களின் போன் எண்களைச் சேர்த்தேன். அறுபத்தெட்டு. கோடு போட்ட நோட்டில் வரிசை எண், ஊர், பதில் என்று கட்டம் போட்டேன்.

பெயர் சொல்லிக் கேட்டால், "நீங்க யாரு? சொந்தக்காரங்களுக்கு மட்டும்தான் விவரம் சொல்வோம்" என்கிறார்கள். யார் என்று சொல்கிறேன். போனை வைத்துவிடுகிறார்கள். அதனால் வேறு வழி கண்டுபிடித்தேன். பெயரே சொல்வதில்லை. போனை எடுக்கிறவர் சமையல்காரியோ வாட்ச்மேனோ, யாராக இருந்தாலும் இதை மட்டும் கேட்கிறேன்: "அங்க அர்ஜென்டினான்னு மட்டும் சொல்லிக்கிட்டிருக்க அம்மா யாராவது இருக்காவளா?" பாவம், அவர்களும் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து பதில் சொல்கிறார்கள். உலகத்தில் இந்த அடையாளம் வேறு யாருக்கும் இருக்காது.

பிப்ரவரி 3, சனி

முப்பத்தொன்று எண்கள் முடிந்தன. இல்லை, இல்லை, இல்லை. வள்ளியூரில் ஒருவர், "ஜெர்மனின்னு சொல்ற தாத்தா இருக்காரு, பரவாயில்லயா?" என்று கேட்டார். நாலு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தேன். எப்சிபாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துத் திரும்பியும் பார்த்துவிட்டேன்.

விரிப்பு மாற்றவில்லை. கட்டிலைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டேன். "புதுசால்லா இருக்கு" என்று அவர் ஆச்சரியப்பட்டார்.

பிப்ரவரி 17, சனி

கிரீஸ். வியாழக்கிழமை அவர்கள் பாராளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. பேப்பரில் ஆறு வரி. முதல் தடவையாகப் பச்சைப் பென்சிலை நானே சீவினேன். கிரீஸுக்குத் தீவு அதிகம். எப்சிபாவாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிக்கொண்டே தீட்டுவாள். எனக்கு ஒரு தீவின் பெயரும் தெரியாது. காலை முழுக்க அதற்கே போனது.

பிறகு முத்திரைத்தாளை எடுத்துக் காலியாக இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இன்றைய தேதியை எழுதினேன். செல்லாது என்று எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு மணிக்குக் கிரேஸ்லினின் போன். வீட்டில் யாரும் இல்லாத நேரமாம். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"டீச்சர், எடம் மட்டும் கேக்காதீய. அவிய என்னக் கொன்னுருவாவ. நல்ல எடம்தான். நேத்து போய்ப் பாத்துட்டு வந்தோம். அத ஒங்ககிட்ட சொல்லணும்னு மனசு கெடந்து அடிச்சிது."

"சாப்பிடுதாளா?"

"சாப்பிடுதாவ. ஆனா வாயே தெறக்கதில்ல. அன்னைக்கு நீங்க வந்து சொல்லிட்டுப் போனிய பாத்தியளா, அதுக்குப் பொறவு அந்த அர்ஜென்டினாவ அவிய ஒரு தரங்கூடச் சொல்லல. எங்க வீட்டுல இருந்த வரைக்கும் சொல்லல, அங்கயும் சொல்லலியாம். அங்க உள்ளவுகளுக்கு அப்படி ஒரு வார்த்த இருந்ததே தெரியாது. நல்லதுதானே டீச்சர்? ஒரு அமைதி வந்துட்டுன்னு நெனச்சேன்."

நல்லதுதான் என்றேன். அவள் வைத்துவிட்டாள்.

பாயசம் வைத்த அன்றைக்கு அவள் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அதற்குமேல் அந்த வார்த்தை அவளுக்கு எதற்கு?

நோட்டை எடுத்துப் பார்த்தேன். நேற்றுவரை ஐம்பத்திரண்டு எண்கள். ஐம்பத்திரண்டு இடத்திலும் அர்ஜென்டினா சொல்கிற அம்மாவைத்தான் கேட்டிருக்கிறேன். ஐம்பத்திரண்டு இடத்திலும் இல்லை என்றார்கள், உண்மையைத்தான் சொன்னார்கள். அதில் ஏதோ ஓர் இடத்தில், என்னிடம் இல்லை என்று சொன்னவருக்குப் பத்தடி தள்ளி, அவள் பேசாமல் உட்கார்ந்திருந்திருப்பாள்.

எல்லா விடையையும் அடித்தேன். இனி பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும். யார் என்று கேட்பார்கள், சொல்ல வேண்டும். வைத்துவிடுவார்கள், மறுபடி கூப்பிட வேண்டும்.

புதிய பக்கத்தில் கட்டம் போட்டேன். வரிசை எண் ஒன்று, பணகுடி.